உள்ளங்காலில் நீலம் பூத்திருக்கா? சுளுக்குன்னு விட்டுடாதீங்க

1. படியில கால் மடங்கிடுச்சு. இல்ல, பைக் சாய்ஞ்சு பாதம் மாட்டிக்கிச்சு. கணுக்கால் நல்லாத்தான் இருக்கு, பாதத்தோட நடுப்பகுதி மட்டும் வீங்கி வலிக்குது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்"னு வீட்ல சொல்வாங்க. கொஞ்சம் பொறுங்க.

2. நடுப்பாத எலும்புகள் வளைவா, ஒன்னுக்கொன்னு முட்டுக்கொடுத்து நிக்குது. உடம்பு எடையைத் தாங்குற வளைவு அது. ரெண்டாவது விரலோட நீள எலும்பை உள்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கிறது ஒரு தசைநார். பேரு லிஸ்ஃபிராங்க். நெப்போலியன் காலத்து பிரெஞ்சு சர்ஜன் ஒருத்தரோட பேரு. இது அறுந்தா வளைவு தளர்ந்துடும்.

3. கவனிக்க வேண்டியது: உள்ளங்கால் நடுவுல ரத்தக்கட்டு. நுனிக்கால்ல நிக்க முடியாத வலி. காலை ஊனவே முடியாமப் போறது. இதுல ஒன்னு இருந்தாலும் எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

4. "எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்களே?" படுத்துக்கிட்டு எடுத்த படத்துல இது தப்பிடலாம். எடை ஏறினாதான் எலும்புக்கு நடுவுல இடைவெளி விரியும். அதனால முடிஞ்சவரை நின்னுக்கிட்டு, ரெண்டு பாதத்தையும் சேர்த்து எடுக்கணும். 2 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா சந்தேகம் பலமாகும். தேவைப்பட்டா சிடி.

5. எலும்பு விலகலைன்னா மாவுக்கட்டு, சுமார் 6 வாரம் கால் ஊனக்கூடாது. விலகியிருந்தா ஆபரேஷன்: ஸ்க்ரூ, பிளேட், சிலருக்கு மூட்டையே இணைக்கிறது.

6. எங்க ஓபிக்கு ஒரு இட்லிக்கடை அக்கா வந்தாங்க. பத்து நாளா ரெண்டு தடவை சுளுக்கு எடுத்திருக்காங்க. நின்னு எடுத்த படத்துல எலும்பு விலகியிருந்துச்சு. "அன்னைக்கே வந்திருந்தா கடையை மூட வேண்டியிருந்திருக்காதா சார்?"னு கேட்டாங்க. "மூடத்தான் வேண்டியிருந்திருக்கும்க்கா. ஆனா அது சில மாசம். கவனிக்காம விட்டா பாதம் தட்டையாகி, மூட்டு தேஞ்சு, அடுப்படியில நிக்கிற ஒவ்வொரு நாளும் வலிக்கும்"னு சொன்னேன்.

நின்னு வேலை பார்க்கிறவங்களுக்கு 6 வாரம் உக்கார்றது எவ்வளவு பெரிய செலவுன்னு தெரியும். அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

7. அடிபட்ட அன்னைக்கு: காலை ஊனாதீங்க. தலையணை மேல உயர்த்தி வைங்க. துணியில சுத்தின ஐஸ் வைங்க. உருவாதீங்க, சுளுக்கு எடுக்காதீங்க. பாதம் மரத்துப்போனாலோ, வெளிறிப்போனாலோ, தாங்க முடியாம வலி ஏறிக்கிட்டே போனாலோ ராத்திரின்னு பார்க்காம கிளம்புங்க.

8. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு வலியே இல்லாம பாதம் வீங்கி, சூடா, சிவப்பா இருந்தாலும் உடனே வாங்க. அடிபட்டதே தெரியாம எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

வீட்ல யாருக்காவது பாதத்துல அடின்னா, முதல்ல உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க.