கெயில் குழாயும் அதன் நிர்வாகக் குழுவும்

தாண்டிக்குடியில் சமையல் எரிவாயு என்றால் சிலிண்டர்தான். மலைப்பாதையின் வளைவுகளில் வண்டியேறி வருகிற சிவப்புச் சிலிண்டர். அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். குழாயில் போகிற இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். (நிறையப் பேர் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.) அந்த மீத்தேன் குழாய் பழனி மலைக்கு வரவில்லை. ஆனாலும், ஒரு எரிவாயுக் குழாய் நிறுவனத்தின் நிர்வாகம் தமிழ்நாட்டில் எங்கே இடறியது என்று புரிய வேண்டுமானால் தாண்டிக்குடி மாதிரி ஓர் ஊரை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

நிறுவனம், கெயில். 1984 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. முதல் பெரிய வேலை குஜராத்தின் ஹஜீராவிலிருந்து விஜய்ப்பூர் வழியாக உத்தரப்பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை போட்ட குழாய். தமிழ்நாட்டுக்கும் கெயில் புதிது இல்லை. காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எடுக்கிற எரிவாயுவை ஆலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கெயில் குழாய்தான்.

இதை நடத்துபவர்கள் யார்? தலைமையில் ஒரு சேர்மன் மற்றும் நிர்வாக இயக்குநர். அவருக்குக் கீழே நிதி, திட்டங்கள், சந்தைப்படுத்தல், வணிக மேம்பாடு, மனித வளம் என்று துறைக்கு ஒரு இயக்குநர். இவர்களோடு பெட்ரோலிய அமைச்சகத்தின் பிரதிநிதிகள், சுயேச்சை இயக்குநர்கள். முழுநேர இயக்குநர்களைப் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் பரிந்துரைக்கும், மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தரும். 2009 முதல் 2019 வரை தலைவராக இருந்த பி.சி. திரிபாதி பொறியாளர். 2022-இல் வந்த சந்தீப் குமார் குப்தா இந்தியன் ஆயிலில் நிதி இயக்குநராக இருந்தவர். இரும்பும் தெரியும், கணக்கும் தெரியும். அந்தக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். குழாய் யார் நிலத்துக்குள் போகிறதோ அந்த ஆளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்று அதில் ஒரு இயக்குநர் உண்டா? இல்லை. அந்த வேலையை 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் 'தகுதியுள்ள அதிகாரி' என்ற ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டது. அறிவிக்கை மத்திய அரசிதழில் வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முடிவு சொல்பவரும் அதே அதிகாரிதான்.

அந்தச் சட்டத்தில் நிலத்தை யாரும் பறிப்பதில்லை, நிலம் உடையவர் பேரிலேயே இருக்கும். நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இதற்கு ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். வேலையின்போது ஏற்படும் பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கொடுப்பார்கள்.

இங்கேதான் தாண்டிக்குடி. அங்கே காப்பி நிழலில் வளர்கிறது. அந்த நிழல் மரத்தில்தான் மிளகுக் கொடி ஏறுகிறது. காப்பி ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் அது. அப்படி ஒரு தோட்டத்தின் நடுவே இருபது மீட்டர் அகலத்துக்கு மரம் இல்லாத ஒரு கோட்டைக் கற்பனை செய்து பாருங்கள். நிழல் போனால் காப்பி போச்சு, மரம் போனால் மிளகு போச்சு. பத்திரம் மட்டும் பத்திரமாக இருக்கும்! கொங்கு நாட்டில் தென்னை வைத்தவருக்கும் கிணற்றை நம்பியவருக்கும் நேர்ந்தது இதே கணக்குதான்.

கொச்சியில் இறக்குமதி செய்யும் எரிவாயுவை மங்களூருக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோவது திட்டம். தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர். 2013 தொடக்கத்தில் வயல்களில் இயந்திரம் இறங்கியதும் எதிர்ப்பு வெடித்தது. மார்ச்சில் மாநில அரசு விவசாயிகளிடம் கருத்துக் கேட்டது. பிறகு முதல்வர் ஜெயலலிதா, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று அறிவித்தார். கெயில் நீதிமன்றம் போனது. 2013 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வழக்கு ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2014 ஜூன் 27 விடியற்காலையில், ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலர்ந்த எரிவாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு போனது; உள்ளே நீர் தங்கி இரும்பை அரித்தது. ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவி அங்கே வைக்கப்படவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு பல்லடத்திலோ பென்னாகரத்திலோ இருக்கும் ஒரு விவசாயியிடம் "பயப்படாதீங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கேரளாவிலும் சண்டை இல்லாமல் இல்லை. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பகுதியில் பெரிய போராட்டமே நடந்தது. ஆனால் அங்கே மாநில அரசு உள்ளே வந்து ஈட்டுத் தொகையை உயர்த்தியது, பத்து சென்ட்டுக்கும் குறைவாக நிலம் வைத்திருப்பவர்களுக்கென்று தனிச் சலுகை அறிவித்தது. கடைசியாக காசர்கோட்டில் சந்திரகிரி ஆற்றுக்கு அடியில் துளைத்துக் குழாயைச் செலுத்தினார்கள். 2021 ஜனவரி 5-ஆம் தேதி 450 கிலோமீட்டர் கொச்சி - மங்களூரு குழாய் திறக்கப்பட்டது. அதுவும் தாமதம்தான். 2013-லேயே தயாரான கொச்சி முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக் கூடியது. வாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாததால் முதல் சில ஆண்டுகள் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லாமல் கிடந்தது. நிதி இயக்குநருக்கு அந்த நஷ்டம் தெரியாமலா இருந்திருக்கும்? பேசி முடிப்பதற்கு ஆகும் செலவு, பேசாமல் விடுவதால் ஆகும் செலவை விடக் குறைவு என்று யாராவது ஒரு கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் வழக்கை ஜெயித்தும் வேலை ஓடவில்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், தருமபுரி மாவட்டத்தில் நிலத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவே ஒரு விவசாயி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விஷயம் சட்டசபை வரை போனது.