ஞாயிறு வருமுன்

பிரெஞ்சு நாட்டின் முதற்பிரிவுக் கால்பந்துப் பந்தயங்களைப் பற்றி நம் சங்கத்தின் திங்களிதழில் எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பாகத் தோன்றக்கூடும். கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர்க்குப் பந்தாட்டம் புதிதன்று. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில், லேக் மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்கூட நாம் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார். ஆயினும் லியோனும் லீலும் மர்சேயும் நமக்கு என்ன உறவு என்று கேட்பீர்களானால், அந்த உறவு வந்த வழியைச் சொல்லுகிறோம்.

எங்கள் மகன் 2021-ஆம் ஆண்டில் வேலையின் பொருட்டுச் சேன் எத்தியேன் என்னும் நகருக்குச் சென்றான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவான். "சாப்பிட்டாயா?" என்று அவன் தாயார் கேட்பார். "ஆயிற்று அம்மா." "குளிர் அதிகமா?" "இருக்கிறது." இவ்வளவில் நான்கு நிமிடம் கழிந்துவிடும். இதில் குறை சொல்ல எங்களுக்கு நாவெழாது. நாங்களே கும்பகோணத்தை விட்டு இங்கு வந்தவர்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் மழையும் அரிசி விலையும் தவிர வேறு இராது. நாங்கள் எழுதிய மறுமொழியிலும் 'இங்கு அனைவரும் நலம்' என்பதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. பிரிந்து வாழ்வோரிடையே அன்பு குறைவதில்லை. பேசுவதற்குப் பொருள்தான் குறைந்து போகிறது.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் சேன் எத்தியேன் கழகம், மெஸ் கழகத்தை வென்று, இரண்டாண்டு வனவாசத்திற்குப் பின் முதற்பிரிவுக்குத் திரும்பிற்று. உடன் பணிபுரிவோர் வற்புறுத்தவே எங்கள் மகனும் அப்பருவம் முழுமைக்கும் ஆடரங்கச் சீட்டு வாங்கினான். அடுத்து வந்த ஒரு ஞாயிறன்று, தோற்றுப்போன ஓர் ஆட்டத்தைப் பற்றி அவன் இருபது நிமிடம் பேசினான். யார் பந்தை விட்டான், நடுவர் எதைக் காணத் தவறினார் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவன் தாயார் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அடுத்த வாரம் யாரோடு ஆட்டம்?" என்றார். அன்று தொடங்கியதுதான் எங்கள் முன்னோட்டம். வியாழன் மாலையில் நாங்கள் இருவரும் கலந்து பேசி, வரப்போகும் வாரக்கடைசி ஆட்டங்களைப் பற்றிய எங்கள் கணிப்பை எழுதி அவனுக்கு அனுப்புவோம். வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து மறுப்பு வரும்.

முன்னோட்டம் என்பது சோதிடம் அன்று. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதற்பிரிவில் 2023-ஆம் ஆண்டு முதல் பதினெட்டுக் கழகங்கள். அதற்கு முன் இருபது இருந்தன. ஒவ்வொன்றும் முப்பத்து நான்கு ஆட்டம் ஆடும். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1. அந்தப் பருவத்தில் வாரத்திற்கு ஒன்பது ஆட்டங்கள், வெள்ளி இரவில் தொடங்கி ஞாயிறு இரவில் முடியும். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் நமக்கு நாலரை மணி பின்தங்குவதால், ஞாயிறு இரவின் கடைசி ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை ஒன்றேகால் மணிக்குத் தொடங்கும். இந்த வயதில் அது நல்ல பழக்கம் என்று மருத்துவர் எவரும் சொல்லமாட்டார்.

புள்ளிப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, சொந்த அரங்கில் ஆடுவது யார், வாரத்தின் நடுவே ஐரோப்பியப் போட்டியில் ஆடிக் களைத்தவர் யார் என்று காண வேண்டும். அவன் தாயாரின் முறையோ வேறு. பட்டியலின் தலைப்பக்கத்தை அவர் கண்ணெடுத்தும் பாரார். "பாரிஸ்காரர்கள் ஜெயிப்பார்கள், அதில் எழுத என்ன இருக்கிறது?" என்பார். அவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. பாரிஸ் சேன் ழெர்மேன் கழகம் 2025 ஏப்ரல் 5 அன்று, இன்னும் ஆறு ஆட்டங்கள் இருக்கும்போதே, அந்த ஆண்டின் பட்டத்தை முடிவு செய்துகொண்டது. ஆதலால் அவர் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். இழப்பதற்கு எவனிடம் என்ன இருக்கிறது என்பதே அவர் வினா. எங்கள் நோக்கில், முன்னோட்டம் எழுதுவோர் அனைவரும் கைக்கொள்ளத்தக்க வினா அது.

சேன் எத்தியேனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அசன்சோல், தன்பாத் பக்கம் வாழும் நம்மவர்க்கு அவ்வூர் எளிதில் விளங்கும். நிலக்கரிச் சுரங்கமும் ஆயுதத் தொழிற்சாலையுமாக வளர்ந்த ஊர் அது. சுரங்கங்கள் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. கழகத்தின் பச்சை நிறம் ஒரு மளிகைக்கடை நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ழெஃப்ருவா கிஷார் என்பவரின் பெயரையே ஆடரங்கமும் தாங்கி நிற்கிறது. மக்களோ அதனைக் 'கொப்பரை' என்று அழைப்பார்கள். 1957 முதல் 1981 வரை பத்து முறை தேசியப் பட்டம் வென்ற கழகம் இது. ஆயினும் அவ்வூர் முதியவர்கள் அந்தப் பத்து வெற்றிகளைவிட ஒரு தோல்வியைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுகிறார்கள் என்று மகன் சொன்னான். 1976-இல் கிளாஸ்கோ நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம். பயெர்ன் மியூனிக் கழகத்திடம் 0–1 என்று தோற்றார்கள். இருமுறை பந்து மேல் கம்பத்தில் மோதித் திரும்பியது. அங்கே கம்பங்கள் உருண்டையாக இன்றிச் சதுரமாக இருந்தன. உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே சென்றிருக்கும் என்பது அவ்வூரார் துணிபு. 2013-இல் அந்தச் சதுரக் கம்பங்களையே விலைக்கு வாங்கிக் கொணர்ந்து தங்கள் காட்சிசாலையில் வைத்தார்கள். இதைக் கேட்டதும் அவன் தாயார், "தோற்கடித்த கம்பத்தைப் பணம் கொடுத்தா வாங்கினார்கள்?" என்று நெடுநேரம் சிரித்தார். மறுமுனையில் அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

லியோனுடன் நிகழும் ஆட்டம் தனிவகை. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். பகையோ அதனினும் நீளம். 2024 நவம்பரில் லியோன் தன் அரங்கில் 1–0 என்று வென்றிருந்தது. 2025 ஏப்ரல் 20 அன்று கொப்பரையில் மறு ஆட்டம். பட்டியலை மட்டும் பார்த்தால் லியோனுக்கே வாய்ப்பு என்று நாங்கள் எழுதினோம். ஆனால் பட்டியலைப் படிக்காத ஆட்டம் ஆண்டுக்கு இரண்டுண்டு, இது அவற்றுள் ஒன்று என்று அவன் தாயார் ஒரு வரி சேர்த்தார். கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருள் துணை நடுவர்மேல் பட்டு, ஆட்டம் நெடுநேரம் நின்றது. பச்சை உடை உடுத்தினும் மூடர் மூடரே. முடிவில் ஸ்டாசன் என்னும் பெல்ஜிய இளைஞர் அந்த ஆட்டத்தில் அடித்த இரு கோல்களால் சேன் எத்தியேன் 2–1 என்று வென்றது.

அந்த வெற்றிக்குப் பிந்தைய அழைப்பில்தான், ஆட்டத்தைப் பற்றிய பேச்சின் நடுவே, மகன் ஒன்று சொன்னான். 2023-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேலை நேரம் தவிர்த்து எவரோடும் பேசாமல் வாரக்கணக்கில் அறையிலேயே கிடந்தானாம். உறக்கமின்றி மருத்துவரிடமும் போய் வந்தானாம். எங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவீர்கள் என்றான். அவன் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இப்போது தூக்கம் வருகிறதா கண்ணா?" என்றார். "வருகிறது அம்மா. தோற்ற அன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக." அதற்குமேல் அவரும் துருவவில்லை, மிஞ்சிய ஆட்டங்கள் யார் யாரோடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கடைசி வாரத்திற்கு எழுதிய முன்னோட்டம்தான் எல்லாவற்றினும் நீண்டது. 2025 மே 17, சனிக்கிழமை. ஒருவர் முடிவு தெரிந்து மற்றவர் ஆடலாகாது என்பதற்காக ஒன்பது ஆட்டங்களும் ஒரே வேளையில் நடைபெறும். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மேலே நீஸ், லீல், ஸ்த்ராஸ்பூர் மூன்றும் தலைக்கு 57 புள்ளியுடன் நான்காம் இடத்திற்கு நின்றன. கீழே ரேம்ஸுக்கு 33, லெ ஆவ்ருக்கு 31, சேன் எத்தியேனுக்கு 30. பதினாறாம் இடம் பெறுபவர் இரண்டாம் பிரிவின் போட்டியாளரோடு ஆடிப் பிழைக்கலாம். பதினேழும் பதினெட்டும் நேரே இறங்க வேண்டியவை. மொன்பெலியே முன்னரே இறங்கிவிட்டது. கோல் கணக்கில் சேன் எத்தியேன் மிகவும் பின்தங்கியிருந்ததால் ரேம்ஸைத் தாண்டுவது கனவு. துலூஸை வெல்ல வேண்டும். லெ ஆவ்ர் வெல்லாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடினால் பதினாறாம் இடம்.

லெ ஆவ்ர், சேன் நதி கடலோடு கலக்கும் துறைமுகம். 1944-இல் குண்டுகளால் தரைமட்டமாகி, மீண்டும் எழுப்பப்பட்ட ஊர். அவர்கள் ஆட வேண்டியதோ ஸ்த்ராஸ்பூர் நகரில், வெற்றி வேண்டி நிற்கும் குழுவின் சொந்த அரங்கில். ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு என்று எழுதினோம். "நம் வெற்றியை நாம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்தவன் தோல்வியை யார் பார்த்துக்கொள்வது?" என்று அவன் தாயார் மட்டும் முணுமுணுத்தார்.

அவ்விரவு நடந்ததைச் சுருங்கச் சொல்லுகிறோம். நீஸ் 6–0 என்று பிரெஸ்தை நொறுக்கி நான்காம் இடம் பெற்றது. லீல் ரேம்ஸை 2–1 என்று வென்று ஐந்தாம் இடம் கொண்டது. ஸ்த்ராஸ்பூரில் ஆட்டம் 2–2 என்றிருக்க, குறித்த நேரம் கடந்து ஒன்பதாம் நிமிடத்தில் லெ ஆவ்ருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. தூரே என்பவர் அதைக் கோலாக்கினார். ஓர் உதையால் லெ ஆவ்ர் ரேம்ஸையும் தாண்டிப் பிழைத்தது; ஸ்த்ராஸ்பூர் ஆறாம் இடத்தை லியோனுக்கு விட்டு ஏழாவதாயிற்று. ரேம்ஸ் பின்னர் மெஸ்ஸிடம் தோற்று இறங்கியது. சேன் எத்தியேனுக்கோ எந்த ஊர் உதையும் தேவைப்படவில்லை. தன் அரங்கிலேயே துலூஸிடம் 2–3 என்று தோற்று, ஓராண்டிலேயே மீண்டும் கீழே போயிற்று.

நம் கடிகாரத்தில் மூன்று மணிக்கு மகன் அழைத்தான். அரங்கத்துக்கு வெளியே நண்பர்களோடு நிற்பதாகச் சொன்னான். பின்னணியில் பலர் பேசும் ஒலி கேட்டது. "போயிற்று அம்மா" என்றான். "நண்பர்கள் சாப்பிட்டார்களா?" என்று இவர் கேட்டார். அவர்கள் அனைவரும் அவன் அறைக்கே வருகிறார்களாம். இரசம் வைக்கப் போகிறானாம். புளி எவ்வளவு என்று கேட்டான்.

அடுத்த பருவத்திற்கும் அவன் சீட்டு வாங்கிவிட்டான், இரண்டாம் பிரிவாயினும். சமையலறை நாட்காட்டியின் பின்புறத்தில் கேங்கான், ரொடேஸ், போ, துன்கேர்க், லாவால் என்று ஊர்ப்பெயர்களை அவன் தாயார் எழுதி வைத்தார். கேங்கானை எப்படி உச்சரிப்பது என்பதில் அவ்விருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை.