அக்கா வீட்டுப் புகைக்கூண்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தமக்கையார் வாழும் வீடு, அவருடைய மாமனாரின் தந்தை கட்டியது. தேக்கு உத்திரம், ஓட்டுக் கூரை, பின்கட்டில் கூரையைத் துளைத்துக்கொண்டு எழும் செங்கற் புகைக்கூண்டு. மச்சான் திருமணங்களுக்குப் பிரியாணி ஆக்கித் தரும் தொழிலினர். பெரிய விருந்தென்றால் மண்டபத்துக்கே சென்று அடுப்பு மூட்டுவார். சிறு விருந்தானால் வீட்டுப் பின்கட்டிலேயே தேக்சா ஏறிவிடும். எரிவாயு உருளை ஒரு மூலையில் இருக்கத்தான் இருக்கிறது. ஆயினும் தம் போடுவதற்குப் புளியங்கட்டையின் கங்குதான் வேண்டும் என்பதிலிருந்து அவர் இறங்கி வந்ததே இல்லை. அவரை மட்டும் சொல்வானேன்? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பால்கோவாவும் விறகடுப்பில் சுண்டச் சுண்டக் கிளறியே பெயரெடுத்தது.

நான் ராஜபாளையத்தில் மதரஸா ஆசிரியன். பேருந்து ஏறினால் அரை மணியில் அக்கா வீடு. 2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், அந்தப் பின்கட்டில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது மச்சான் கேட்டார்:

“மாப்பிள்ளை, வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடச் சொல்லி ஒருத்தர் தாள் குடுத்துட்டுப் போயிருக்காரு. மார்க்கத்துல கூடுமா, கூடாதா?”

“கூடாது மச்சான்” என்றேன். கரர், மைஸிர், ரிபா என மூன்று சொற்களையும் அடுக்கினேன். அதாவது நிச்சயமின்மை, சூது, வட்டி. அவர் மறுபேச்சின்றித் தாளை நான்காக மடித்து முன்னறை அலமாரியில் வைத்துவிட்டார். தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே அந்தப் புகைக்கூண்டு இருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு பின்னிரவு. மாலையில் ஆக்கிய விருந்துச் சோறு வண்டியேறிப் போய்விட்டது. அடுப்பில் கங்கு மிச்சமிருந்தது. அதன்மேல் யாரோ ஈர விறகைக் காயட்டும் என்று சாத்தி வைத்திருக்கிறார்கள். உறக்கத்தில் அக்காவுக்கு லாரி உறுமுவது போன்ற ஓசை கேட்டிருக்கிறது. தெருவில் லாரி இல்லை, உறுமியது புகைக்கூண்டு. உச்சியில் தீப்பிழம்பு நின்றது. பழஞ்சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல் இடுக்கு வழியே நெருப்பு உத்திரத்தைத் தொட்டது. அல்லாஹ்வின் அருளால் உயிருக்கு ஏதும் நேரவில்லை. பின்கட்டும், நடு அறையின் பாதிக் கூரையும், மருமகளின் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுக வாங்கி அடுக்கிய துணிமணிகளும் போயின.

மறுநாள் காலை நான் போய் நின்றபோது மச்சான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தீயணைப்பு நிலையத்தார் விளக்கிச் சொன்ன பிறகே எனக்குக் காரணம் புரிந்தது. விறகு முழுமையாக எரியாதபோது, அதிலும் ஈர விறகாயிருக்கும்போது, புகையோடு தாரைப் போன்ற பசையும் ஆவியாய் மேலேறுகிறது. கூண்டின் குளிர்ந்த சுவரில் அது படிந்து, கரியோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஏடு ஏடாய்ப் படியும் அந்தப் படலம் தானே ஓர் எரிபொருள். ஒரு பொறி போதும். பற்றிவிட்டால் கூண்டின் இழுவையே துருத்தியாகிறது. வெப்பம் ஆயிரம் பாகையைத் தாண்டவும் கூடும். அந்நேரத்தில் தண்ணீரை ஊற்றினால் சுட்ட செங்கல் வெடித்துப் பிளந்து நெருப்புக்கு இன்னும் வழி விடும். ஆண்டுக்கொரு முறையேனும் கூண்டைச் சுரண்ட வேண்டும், விறகை மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். தடுப்பு இவ்வளவே.

இதை முன்னோர் அறியாமலில்லை. மச்சானின் அத்தா இருந்த காலத்தில், ஆண்டுதோறும் ஒரு முதியவர் வந்து கூரைமேல் ஏறுவாராம். கயிற்றில் கல்லைக் கட்டி, கல்லுக்கு மேலே வேப்பங்கொத்தை இறுகப் பிணைத்து, கூண்டுக்குள் இறக்கி ஏற்றுவாராம். கீழே கொட்டும் கரி எருக்குழிக்குப் போகும். அடுப்புக்கு மேலிருந்த பரணில் விறகு தானாய் உலரும். முதியவர் மறைந்தார், பரணும் இடிக்கப்பட்டது. வீடுதோறும் எரிவாயு வந்தபின் கூண்டு என்றொன்று இருப்பதையே ஊர் மறந்தது. பொங்கலையொட்டித் தெருவே ஒட்டடை அடிக்கும். கூண்டுக்குள் எவரும் கோலை நீட்டுவதில்லை.

இங்கே ஓர் இடைச்சொல். மேனாட்டில் இவ்வேலைக்குச் சிறுவர்களைக் கூண்டுக்குள்ளேயே ஏற்றினார்கள். அப்படி ஏறியவர்களைப் பின்னாளில் ஒருவகைப் புற்று தாக்குவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் லண்டன் மருத்துவர் எழுதி வைத்தார். அவ்வழக்கத்தைச் சட்டம் உண்மையாகவே ஒடுக்கியது 1875-இல்தான், இடையில் நூறாண்டு. நம் முதியவரின் கயிறும் கல்லும் எத்தனை நாகரிகமானவை என்று எண்ணிக்கொள்கிறேன். அதே லண்டனில் நெருப்புக் காப்புறுதி தோன்றியதும் 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீ நகரைத் தின்ற பிறகுதான்.

வீட்டுக்குத் திரும்பி நூல்களை விரித்தேன். காப்புறுதி பற்றி நம் ஹனபி நூல்களில் முதலில் விரிவாகப் பேசியவர் 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன். கப்பற் சரக்குக்கு வணிகர் செலுத்திய ‘ஸவ்கரா’ என்னும் தொகையை ஆராய்ந்து, அதன்வழி வரும் இழப்பீட்டை வணிகர் பெறலாகாது என்றார். 1961-இல் டமாஸ்கஸ் மாநாட்டில் முஸ்தபா அஸ்ஸர்கா கூடும் என்று வாதிட்டார். 1985-இல் ஜித்தாவில் கூடிய பிக்ஹ் பேரவை, வணிகக் காப்புறுதியை விலக்கி, ஒருவருக்கொருவர் நன்கொடையாய் ஈந்து தாங்கும் கூட்டுறவுக் காப்புறுதிக்கு இடம் தந்தது. 1992-இல் இந்திய பிக்ஹ் அகாடமி, நம் நாட்டு நிலைமைகளைக் கருதி நெகிழ்வு காட்டியது. இவற்றில் பெரும்பகுதி எனக்குத் தெரியாததன்று. ஒற்றைச் சொல்லில் விடையிறுக்கும் பெருமிதம் அன்று என்னை மறைத்துவிட்டது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு குடும்பத்தாரோடு எரிந்துபோன செய்தியைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை, உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடும் என்று எச்சரித்ததும் உண்டு. இத்தனை நுட்பமான அடுப்படிப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் நான், அக்கா வீட்டு அடுப்பருகே அமர்ந்து அதை நினைக்கவில்லை. அந்த மதீனத்து வீட்டுச் செய்தியை அறிவிப்பவர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி). உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாய்ப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபியவர்கள் பாராட்டிய செய்தியை அறிவிப்பவரும் அவரே. தீயைத் தடுப்பதும், தீக்குப்பின் தாங்குவதும் ஒருவர் வாய்மொழியாகவே நமக்கு வந்திருக்கின்றன. மச்சானுக்கு நான் இரண்டில் ஒன்றையும் சொல்லவில்லை. வாசலை அடைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜமாஅத்தில் வசூல் செய்து கொடுத்தார்கள். கொடுத்துப் பழகிய மச்சானின் கை வாங்கக் கூசியதைப் பார்த்தேன். விபத்துக்குப் பின் பிரிக்கும் பணம் எவ்வளவு அன்போடு வந்தாலும் அது உதவி. முன்கூட்டியே எல்லோரும் இட்டுவைத்த பொதுநிதியாயிருந்தால் அது அவருடைய பங்காயிருக்கும். இதை நிர்வாகிகளிடம் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் யோசிக்கிறார்கள்.

திருமணம் எட்டு மாதம் தள்ளி எளிமையாய் நடந்தது. கூண்டு புதிதாய் எழும்பிற்று. உத்திரத்துக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விடச் செய்தோம். சென்ற ஆண்டு மழைக்கு முன், மச்சானின் மகன் கூரைமேல் ஏறிக் கயிற்றை இறக்கினான். நான் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆண்டுப் புகையில் ஒரு சாந்துச்சட்டி நிறையக் கரி விழுந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அந்தத் தாள் இருக்கா மச்சான்?” என்றேன்.

முன்னறை தப்பியதால் அலமாரியும் தப்பியிருந்தது. நான்காய் மடித்தது மடித்தபடி கொண்டுவந்தார். 2021 ஏப்ரலில் எல்லாப் பொதுக் காப்புறுதி நிறுவனங்களும் வழங்கத் தொடங்கிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்புறுதியின் விவரத்தாள். கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவுக்கே காப்பு, மனையின் விலைக்கு அன்று. தட்டுமுட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, பத்து லட்சம் வரை. நகை முதலியவற்றைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். இதுவோ குடியிருக்கும் வீட்டுக்கான திட்டம். பின்கட்டில் கூலிக்குச் சமைப்பதை மறைத்து எழுதியிருந்தால், இழப்பீடு கேட்கும்போது அங்கேயே தகராறு எழுந்திருக்கும். அன்று நான் கூடும் என்று சொல்லியிருந்தாலும் அதுவும் அரைகுறை விடையாகத்தான் இருந்திருக்கும்.

“அப்ப இப்ப என்ன சொல்றீங்க, ஹஜ்ரத்?” என்றார் மச்சான். மாப்பிள்ளை என்று அழைக்காமல் ஹஜ்ரத் என்றதில் சிறு குத்தல் இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

“பெரிய மதரஸா ஒன்றுக்குக் கேள்வியை முழுசா எழுதி அனுப்பப் போறேன்” என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். “மாசத்துல எத்தனை நாள் இந்த அடுப்புல சமைக்கிறீங்க? அதுலேருந்து தொடங்குவோம்.”