முஸ் கிராமத்துத் தீவார்

பிழைப்பின் நிமித்தம் ஊர்விட்டு வந்திருக்கும் நீங்கள் கார் நிக்கோபாரைக் குறித்து அறிந்திருப்பது நலம். முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அது ஓர் இரவுக் கப்பற்பயணம். பழங்குடியினர் பகுதியாகையால் அனுமதிச் சீட்டின்றி இறங்கலாகாது. நண்பர் நால்வரும் அதற்காக நெடுநாள் காத்திருந்தோம். ஆயினும் அது நல்ல சட்டமே.

முஸ் கிராமத்தில், 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்பத்தார் இளநீரும் தாழைப்பழக் கூழும் பன்றியிறைச்சியும் பரிமாறினர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவின் கரையோர ஊர்களை வாரிச்சென்றது. தன் வீட்டாரில் பலரை அன்று இழந்த முதியவர், நாங்கள் தமிழர் என்று அறிந்தவுடன், “சாலொமோன்!” என்று முகமலர்ந்தார்.

1890களில் இங்கு வந்து பள்ளி நடத்திய தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலொமோனைத்தான் சொன்னார். அவருடைய மாணவர் ஜான் ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார், 1950இல் பேராயரானார், முதல் மக்களவையிலும் அமர்ந்தார்.

நாங்கள் கொண்டுசென்ற பிஸ்கட்டுகளைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, எங்கள் பைகளைத் தேங்காய்களால் நிரப்பினார் பெரியவர். ஆறுதல் ஜெபம் செய்ய ஆயத்தமாயிருந்தோம். அதற்குள் அவரே எங்கள் தலைகள்மேல் கைவைத்து, பட்டணத்திலிருக்கும் எங்கள் குடும்பங்களுக்காகத் தம் மொழியில் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்.