ஏரிக்கரையில் ஒரு மணி நேரம்

சேத்துப்பட்டு ஏரியைச் சுற்றிய நடைபாதையில் காலைதோறும் நடப்பது இரண்டு ஆண்டுகளாக நம் வழக்கம். இரத்தத்தில் ஏறிவிட்ட சர்க்கரையே நம்மை அங்கே கொண்டு சேர்த்தது. "தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆக வேண்டும், ஃபாதர்" என்றார் மருத்துவர். காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பங்கு மக்களுள் எவரும் நம்மைக் குறை கூறியதில்லை. "பங்கை யார் கவனிப்பார்?" என்று கேட்டதுமில்லை. இதை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மயிலைப் பகுதியில் நாம் பணியாற்றிய காலத்தில் இளையோர் குழுவில் ஒரு பெண் இருந்தார். கல்லூரி அணிக்காக 800 மீட்டர் ஓடியவர். விடியுமுன் மெரினா மணலில் ஓடிவிட்டு, காலில் ஒட்டிய மணலோடு ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமர்வார். பின்னர் தியாகராய நகரில் வாழ்க்கைப்பட்டார். நாமும் சில ஆண்டுகளில் அப்பகுதிக்கே மாற்றலாகி வந்தோம். அவருடைய இசைவுடனே இதை எழுதுகிறோம், பெயர் வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளில் அவருக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டாவது பேறு அறுவையில் முடிந்தது. அக்குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தபோது அவர் மாமியார் நம்மைத் தேடி வந்தார்.

"தோத்திரம் சாமி. மருமகள் மறுபடியும் ஓடப் போகிறேன் என்கிறாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட்டம் எதற்கு? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்."

நாமும் சொன்னோம். அடுத்த ஞாயிறு ஆலய முற்றத்தில் அவரை நிறுத்தி, "பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், அம்மா. ஓட்டம் எங்கே போய்விடும்?" என்றோம். அவர் தலை குனிந்து, "சரி, ஃபாதர்" என்றார். நல்லதொன்று சொல்லிவிட்ட நிறைவோடு இல்லம் திரும்பினோம். தன்னையே கையளிப்பதன் மேன்மையைக் குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்கள் நாம். அதைப் பிறருக்கு, அதிலும் தாய்மாருக்கு, எடுத்துரைப்பது நமக்கு எத்துணை எளிதாகிவிடுகிறது!

சில மாதங்கள் சென்றபின் ஓரிரவு அவர் கணவர் வந்தார். மனைவி உறங்குவதில்லை என்றார். குழந்தை உறங்கினாலும் உறங்குவதில்லை. காரணமின்றி அழுகிறாள் என்றார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தாய்மாரை வருத்தும் மனச்சோர்வு என்று கண்டு, மருந்தும் ஆலோசனையும் தந்திருந்தார்கள். புறப்படும்போது வாசலில் நின்று அவர் சொன்னது இன்றும் செவியில் இருக்கிறது: "ஓடாததால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை, ஃபாதர். ஆனால் அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்."

அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. அறியாத பொருளைப் பற்றி அறிவுரை கூறியிருந்தோம். அதன்பின்னரே கேட்டும் படித்தும் அறியலானோம். பிள்ளை பெற்ற பெண்கள், மருத்துவத் தடை ஏதுமில்லையெனில், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்துள்ளது. ஓட்டத்திற்கோ பொறுமை வேண்டும். 2019இல் பிரிட்டனின் இயன்முறை மருத்துவ வல்லுநர்கள் சிலர் வகுத்த நெறிகளின்படி, முதல் மூன்று மாதங்கள் ஓட்டம் கூடாது. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் பேற்றின்போது தளர்ந்துபோகின்றன. முதலில் அவற்றை வலுவாக்க வேண்டும். பிறகு நடை, நடைக்குப் பின்னரே ஓட்டம். நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேறுகள் அறுவையால் நிகழ்வதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவ்வாறு பெற்றவர்களுக்கு வயிற்றுத் தையலும் உள்ளே நன்கு ஆற வேண்டும். ஆக, "எப்போது, எப்படி?" என்பதே மருத்துவர் கேட்கும் கேள்வி. நாமோ "எதற்கு?" என்று கேட்டிருந்தோம்.

நாம் மட்டும் கேட்ட கேள்வியன்று இது. நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்கு ஆயத்தமானபோது இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும்படி அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவர் லண்டன் சென்று நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். நம் அண்டை மாநிலத்தின் பி.டி. உஷா 1984 ஒலிம்பிக்கில் நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை அறியாதவர் இலர். 1991இல் மணமுடித்து, ஒரு மகனுக்குத் தாயான பின், அவர் மீண்டும் களம் புகுந்ததை நினைப்பவர் சிலரே. 1998இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 34 வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் தங்கமும் பெற்றார். லண்டனுக்குப் போகாதே என்று எழுதப்பட்ட கடிதங்களை எண்ணும்போது, நாம் ஆலய முற்றத்தில் சொன்ன சொல்லும் அவற்றுள் ஒன்றாகவே தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை, ஏரிக்கரை இருக்கையொன்றில் அந்தக் கணவரைக் கண்டோம். மடியில் சின்னவன், அருகில் பெரியவள், தண்ணீரில் மீன் தேடிக்கொண்டிருந்தாள். "அவள் வருவாள், ஃபாதர்" என்று பாதையைக் காட்டினார். வாரத்தில் மூன்று நாள் மாம்பலத்தில் மின்ரயில் ஏறி, கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் கடந்து சேத்துப்பட்டில் இறங்குகிறார்களாம். அவர்கள் குடியிருக்கும் தியாகராய நகரே 1920களில் பெரிய ஏரியொன்றின் நீரை வடித்து எழுப்பப்பட்ட ஊர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்னும் தெருப் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏரி இருந்த மண்ணில் குடியிருப்பவர்கள், ஓடுவதற்கு ஓர் ஏரியைத் தேடி ரயிலேற வேண்டியிருக்கிறது.

அவர் வந்தார். மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். கல்லூரி நாள்களின் வேகம் இல்லை; முகத்தில் அந்நாளைய தெளிவு இருந்தது. நம்மைக் கண்டதும் நின்றார். எத்தனையோ பேருக்கு மன்னிப்பைப் பற்றி மறையுரை ஆற்றிய நமக்கு, மன்னிப்புக் கேட்கச் சொற்கள் தடுமாறின. "அன்று நாம் சொன்னது தவறு, அம்மா" என்றோம்.

அவர் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தார். "வீட்டில் எல்லோரும் சொன்னதைத்தான் நீங்களும் சொன்னீர்கள், ஃபாதர். ஆனால் நீங்களும் சொன்னவுடன், இனிப் போய்க் கேட்பதற்கு யாருமில்லை என்று தோன்றிவிட்டது."

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. மருத்துவர் நமக்கு விதித்த ஒரு மணி நேரத்தைப் பங்கு முழுவதும் மனமுவந்து தந்தது. அவர் கேட்ட ஒரு மணி நேரத்தைத் தர வீட்டாருக்கும் மனமில்லை. கேட்டுத் தரவேண்டிய நாமும் தடுத்தோம்.

இப்போது திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மணமகனிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: "குழந்தை பிறந்தபின் உம் மனைவிக்கென்று எந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குவீர்? அப்போது குழந்தை யார் மடியில் இருக்கும்?" பலர் சிரிக்கிறார்கள். சிலர் மணப்பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வாறு பார்ப்பவர்களைக் கண்டால் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

சென்ற வாரம் இருக்கையில் அமர்ந்திருந்தவர் கணவர் அல்லர், அந்த மாமியார். பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். "தோத்திரம் சாமி" என்றவர், நாம் ஏதும் கேட்குமுன்பே, "மகனுக்கு இன்று அலுவலகத்தில் வேலை. அதனால் நான் வந்தேன்" என்றார். பின்னர் பாதையைப் பார்த்து, பெருமையை மறைக்க முயன்று தோற்ற குரலில் சொன்னார்: "இது மூன்றாவது சுற்று."