பி.டி.எஃப். இருந்தால் போதுமா?

"பாடநூல்தான் பி.டி.எஃப்.ஆக இலவசமாகக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு அதை திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளில் ஓடவிட்டுக் காட்டுவேன். வெறும் ஸ்கேன் பக்கமென்றால் வாயே திறக்காது. பழைய தமிழ் எழுத்துரு என்றால் உளறிக் கொட்டும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்காக நான் முதலில் தேடுவது, 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில்தான். மாற்றுத்திறனாளி சான்றோடு உறுப்பினராகிவிட்டால் டெய்சி, இபப், பிரெய்ல் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். டெய்சி வடிவ நூல் என்றால் மூன்றாம் பாடத்துக்கு நேரே தாவலாம். முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தபிறகு, நூல்களை இந்த வடிவங்களுக்கு மாற்றித்தர அனுமதி கேட்டுப் பதிப்பாளர் வாசலில் நிற்கவும் வேண்டியதில்லை.

தமிழ் நூல்கள் இன்னும் வரவேண்டும். கணக்குப் புத்தகம்தான் பெரும்பாடு: பின்னத்தை ஒரே வரியாக வாசித்தால் எது மேலே, எது கீழே என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?