தலைக்கட்டு வரி

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். வீட்டில் கல்யாணமான ஆண் எத்தனை பேரோ அத்தனை தலைக்கட்டு. உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தொகை. 2004இல் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இணையத்தில் இடம் பிடித்தபோது, செலவைப் பிரிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

லாபம் வைத்து நடத்த எனக்கு வழியும் இல்லை. வங்கி அதிகாரி தனியாக வியாபாரம் செய்யக்கூடாது என்பது நடத்தை விதி. கணினிப் பிரிவில் வேலை பார்த்ததால் சர்வர் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். சம்பளம் அங்கே, பொழுதுபோக்கு இங்கே என்று வைத்துக்கொண்டேன்.

விஷயம் எளிமையானது. பெரிய வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்துக் கொடுப்பதைப் போல. அமெரிக்காவில் ஒரு ரீசெல்லர் கணக்கு, மாதம் 25 டாலர். அன்று டாலர் 45 ரூபாய் சுமாருக்கு இருந்தது. ஆண்டுக்கு 13,500. ஒன்பதால் வகுத்தால் தலைக்கு 1,500. டொமைன் பெயருக்கு அவரவர் தனியாக ஒரு 400 ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி, வருஷம் ஒருமுறை எல்லோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குவேன். வங்கிக்காரன் புத்தி!

ஒன்பது பேரும் ஒவ்வொரு ரகம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சித்த வைத்தியர், கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர், தன் குடும்பத்தின் ஏழு தலைமுறை வம்சாவளியைத் தொகுத்த ஒரு எல்.ஐ.சி. ஏஜென்ட், இப்படி. தமிழாசிரியர் தாமிரபரணிக் கரையிலுள்ள படித்துறைகள், மண்டபங்கள், வாய்க்கால்கள் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுவார். ஆரம்பத்தில் டிஸ்கி எழுத்துருவில்தான் அடித்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பிறகு இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகளையும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதைவிடப் பிழை பார்க்கத்தான் அதிக நாளானது. அவர் ஒற்றுப்பிழை பொறுக்கமாட்டார்.

பணம் சின்ன விஷயம். நேரம்தான் பெரிய விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். "அண்ணாச்சி, சைட்டு தொறக்க மாட்டேங்கு." பாதி நேரம் அவர் வீட்டு மோடம்தான் அணைந்து கிடக்கும். மீதிப் பாதியில் உண்மையாகவே வேலை இருக்கும். வேர்ட்பிரஸை யாராவது புதுப்பிக்காமல் விட்டிருப்பார், அதன் வழியாக எவனோ நுழைந்து மருந்து விளம்பரம் ஒட்டியிருப்பான். வைத்தியர் பக்கத்தில் வெளிநாட்டு மாத்திரை விளம்பரம் வந்த அன்று அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

நடுவில் பல மாற்றங்கள். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டது. மறுவருஷம் ரீசெல்லர் கணக்கை விட்டுவிட்டுச் சொந்தமாக நிர்வகிக்கும் சிறு சர்வருக்கு மாறினோம். 2018இல் குரோம் உலாவி, பூட்டுக் குறி இல்லாத தளங்களையெல்லாம் பாதுகாப்பற்றவை என்று காட்டத் தொடங்கியது. நல்லவேளையாக அதற்கு முன்பே லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. இல்லையென்றால் தலைக்கட்டு அன்றே இரண்டு மடங்காகியிருக்கும்.

இன்று சர்வர் மாதம் 12 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆண்டுக்கு 14,400 சொச்சம். இருபது வருஷத்தில் மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் தலைக்கட்டு 1,500 ரூபாயிலிருந்து 2,900க்குப் போய்விட்டது. ஏனென்றால் ஒன்பது பேரில் நாலு பேர் இப்போது இல்லை.

முதலில் போனவர் தமிழாசிரியர், 2017இல். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் பார்த்தது அவர் டொமைனின் தேதியை. ஐந்து வாரம்தான் பாக்கி. டாட் காம் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். பிறகு 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதற்கப்புறம் 5 நாளில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். அந்தக் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. மகன் துபாயில். "அப்பா ஏதோ எழுதுவாங்கன்னு தெரியும் மாமா, இவ்வளவா?" என்று போனில் கேட்டான். அவர் என் கணக்கு வழியாகப் பதிவு செய்திருந்ததால் நானே புதுப்பித்தேன்.

அந்த வருஷக் கணக்குக் கூட்டத்தில் கேள்வி வந்தது. இறந்தவருக்கு வரி உண்டா? கோயிலில் கிடையாது, ஆள் போனால் தலைக்கட்டும் போகும். ஆனால் இங்கே ஆள் போனாலும் அறை காலியாகவில்லையே. இருக்கிறவர்கள் சுமப்பது என்று முடிவானது. அப்போது எட்டுப் பேர், பாரம் தெரியவில்லை.

புகைப்படக்காரர் குடும்பம் மட்டும் தளத்தை எடுத்துவிடச் சொன்னது. பென்டிரைவில் எல்லாப் படத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாளே எடுத்துவிட்டேன். அது அவர்கள் உரிமை. கஷ்டமாகத்தான் இருந்தது.

மற்ற மூன்று தளங்களையும் போன வருஷம் உட்கார்ந்து, தரவுத்தளம் எதுவும் தேவைப்படாத வெறும் பக்கங்களாக மாற்றினேன். புதுப்பிக்க எதுவும் இல்லை, புகுந்துவர ஓட்டையும் அனேகமாக இல்லை. பக்கம் பக்கமாக இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பிலும் ஏற்றியாயிற்று. டாட் காம் பெயரை அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு முன்பணம் கட்டி வைக்கலாம். ஆசிரியர் தளத்துக்கு அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிவிட்டார்கள்.

எனக்கு வயது 72. சர்வர் என் பெயரில், என் கார்டில் ஓடுகிறது. எல்.ஐ.சி. ஏஜென்டின் மகள் கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். தை மாதம் பொறுப்பை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கிளையில் சாவி ஒப்படைப்பதுபோல் ஒரு பட்டியல் எழுதி வருகிறேன். இதுவரை பதினான்கு பக்கம். நோட்டையும் கேட்டாள். கையெழுத்துகளைப் பார்க்க வேண்டுமாம்.